முத்திரை குத்திய கட்டுரை

கல்லூரி நூலகத்தில் உளவியல் பகுதி என் பொறுப்பு. யார் எழுதியது, எந்த இதழில் வந்தது, வெளியிடும் முன் துறை ஆட்கள் சரிபார்த்தார்களா என்று கேட்டுக் கேட்டே மாணவர்களின் உயிரை வாங்குகிறவள். முதுகுக்குப் பின்னால் என்னை சி.ஐ.டி. என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று முதுகலை மாணவி ஒருத்தி வந்தாள். அவளுடைய ஐந்து வயது மகள் வீட்டில் வாய் ஓயாதவள். பள்ளிக்குள் போனால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்திருந்தவள், இரவல் வாங்கிய புத்தகங்களை மேசைமேல் அடுக்கிவிட்டு, படிப்பை நிறுத்தப் போவதாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காரணம் கேட்டேன்.

ஒரு கட்டுரையின் நகலை எடுத்து நீட்டினாள். 'தாய் வெளியே போனால் பிள்ளை வாய் மூடும்' என்று தலைப்பு. கணவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த மௌனமே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

'ஆராய்ச்சிகள் சொல்கின்றன' என்று ஆரம்பித்த கட்டுரையில் எந்த ஆராய்ச்சி, எத்தனை பிள்ளைகள், ஒன்றும் இல்லை. மேற்கோள் பட்டியலும் இல்லை. வார இதழில் பக்கம் நிரப்ப எழுதியது. இரண்டு வருடமாகக் கரடியாகக் கத்தினேனே என்று பொரிந்து தள்ளினேன்.

அவள் நகலின் மூலையைத் தொட்டுக் காட்டினாள்.

"நம்ம லைப்ரரி முத்திரை மேடம். ஆய்விதழ் அலமாரியில பைண்டு பண்ணி இருந்துச்சு. நீங்க பாக்காம உள்ள வைக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

முத்திரைக்குக் கீழே என் கையெழுத்து. பதினோரு வருடங்களுக்கு முன், வார இதழ்களில் வெட்டிய துண்டுகளையும் ஆய்விதழ்களுக்குரிய அதே நீல அட்டையில் பைண்டு செய்யச் சொன்னவள் நானேதான். அலமாரி பார்க்க லட்சணமாக இருக்குமே என்று. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தப்பு என்மேலதாம்மா," என்றேன். "இது ஆய்வே இல்ல. உன் பொண்ணு பேசாததுக்கு நீ காரணம் இல்ல."

"ஆதாரம் மேடம்?" என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்த கேள்விதான். உள்ளே போய் உண்மையான ஆய்விதழ்களை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாலை வரை அவளே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிள்ளையின் பதற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. தாய் படிக்கப் போனதுதான் காரணம் என்று ஒன்றில்கூட இல்லை.

அடுக்கிய புத்தகங்களைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்த நகலை என் முன் வைத்தாள்.

"இதுல எழுதிக் குடுங்க மேடம். வீட்ல காட்டணும்."

முத்திரையின்மேல் குறுக்கே கோடு போட்டு, 'இது ஆய்வுக் கட்டுரை அல்ல' என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போடும்வரை அவள் நகரவில்லை.