தினமும் வருகிற வாத்தியார்

ஏரிக்கோடிக்குப் புதிதாக வந்த தர்மன் வாத்தியார் தினமும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதுதான் நூர் பாஷாவுக்கு உறுத்தியது.

ஒகேனக்கல் போகிற சாலையில், பஸ் நிற்கிற இடத்தில் நூர் பாஷா டீக்கடை வைத்திருந்தார். எந்த வாத்தியார் எப்போது வந்தார், எப்போது கம்பி நீட்டினார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முன்பிருந்தவர்கள் திங்கட்கிழமை வருவார்கள், தோன்றினால் வெள்ளிக்கிழமை எட்டிப் பார்ப்பார்கள். கடையில் ஓசி டீ குடிப்பார்கள். பிள்ளைகள் சத்துணவைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடும். வருஷக் கடைசியில் எல்லாரும் பாஸ். யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை, ஆனால் ஏற்பாடு அதுதான்.

இந்த மனுஷனோ முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போனார். போதாக்குறைக்கு டீ குடித்துவிட்டுக் காசையும் எடுத்து வைத்தார். வாத்தியாராவது, காசு கொடுப்பதாவது! நம் டீயை ஓசியில் குடித்தால் அஞ்சாவது படிக்கிற நம் மகள் சுல்தானாவைப் பாஸ் போட வேண்டியிருக்குமே என்றுதான் இந்த ஆள் உஷாராக இருக்கிறான் என்று நூர் பாஷா முடிவு கட்டினார்.

அதற்கேற்றாற்போல வாத்தியாரும் ஒருநாள் வாயைத் திறந்தார்.

"பாய், சுல்தானாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரலைங்க. பள்ளிக்கூடம் விட்டதும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்க, நான் சொல்லித் தர்றேன். இப்படியே இருந்தா அஞ்சாவதுல பாஸ் போட மாட்டேன்."

நூர் பாஷாவுக்குச் சுருக்கென்றது. நாலு வகுப்பும் பாஸான பெண்! தான்தான் கைநாட்டு, மகளாவது பென்னாகரம் ஐஸ்கூலில் ஆறாவது சேர வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் மண்ணைப் போட வந்துவிட்டானே பாவி!

"இதுல ஏதோ வில்லங்கம் இருக்குது," என்றார் மனைவியிடம்.

"பாடம் சொல்லித் தர்றேங்கறதுல என்னங்க வில்லங்கம்?" என்றாள் ஹமீதுன்னிசா.

"வந்தாலும் சம்பளம், வராட்டியும் சம்பளம். அப்புறம் எதுக்குடி தெனம் வர்றான்?"

மறுநாள் மகளைப் பள்ளிக்கூடம் போக விடாமல் வீட்டில் நிறுத்திவிட்டு, தர்மன் முன்பு வேலை பார்த்த ஊருக்குக் கிளம்பினார் நூர் பாஷா. பொம்மிடிக்குப் பக்கத்தில் அந்த ஊர். ஏதாவது சிக்கினால் அதை வைத்தே ஆளைக் கிளப்பிவிடலாம்.

அங்கே சைக்கிள் கடை சவுரியப்பன் எல்லாவற்றையும் ஆசையாகச் சொன்னார். "அந்தாளா? நாங்கதாங்க தொரத்தி உட்டோம்!"

"அப்படிப் போடுங்க! என்ன பண்ணான்?"

சவுரியப்பன் தலையைச் சொறிந்தார். "கையும் களவுமா ஒண்ணும் சிக்கலைங்க. தெனம் வந்தான். ஒரு மனுசன் காரியம் இல்லாம தெனம் வருவானா? மேல சொல்லி மாத்திட்டோம். இப்ப இருக்கறவரு தங்கமான மனுசன். எப்பவாவதுதான் வருவாரு, ஒரு தொந்தரவு கெடையாது. எம்பொண்ணக்கூட அஞ்சாவது பாஸ் போட்டு உட்டாரு."

"பொண்ணு இப்ப ஆறாவதுங்களா?"

"எங்கீங்க? ஐஸ்கூல்ல பேரை எழுதச் சொல்லியிருக்காங்க. இதுக்கு எழுத வரலை. எல்லாரும் சிரிச்சாங்கன்னு அழுதுகிட்டே வந்துருச்சு, அப்புறம் போகவே மாட்டேன்னுருச்சு. செங்கல் சூளைக்குப் போகுது."

அதைச் சொல்லிவிட்டு சவுரியப்பன் சாதாரணமாக டியூபுக்கு ஒட்டுப் போட ஆரம்பித்தார். நூர் பாஷா எழுந்து அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அட அல்லாவே, என்ன காரியம் செய்யப் பார்த்தேன்!

அடுத்த நாள் காலை முதல் பஸ் வந்தபோது நூர் பாஷா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தர்மன் இறங்கினார். முகம் வாடிக் கிடந்தது.

"நேத்து பொம்மிடிப் பக்கம் போனீங்களாமே. கண்டக்டர் சொன்னாரு," என்றார் அவர். "எனக்கும் அலுத்துப் போச்சுங்க பாய். எந்த ஊருக்குப் போனாலும் திருடனைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க. இனிமே நானும் மத்தவங்க மாதிரியே வந்துட்டுப் போறேன். உங்க பொண்ணையும் பாஸ் போட்டுடறேன், போதுங்களா?"

நூர் பாஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ, வேணாங்க சார்!" பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி கத்திவிட்டார். "பாஸ் மட்டும் போட்டுடாதீங்க! தப்பா நெனச்சுட்டேன், எம்மேலதாங்க தப்பு. ஃபெயில் போடுங்க, ரெண்டு வருசம் ஆனாலும் உக்கார வைங்க. அவளுக்குப் படிக்க வந்தப்புறம் பாஸ் போட்டாப் போதும். உங்களக் கெஞ்சிக் கேக்கறேன், ஃபெயில் போடுங்க சார்!"

இத்தனை வருஷ வேலையில் பெற்ற பிள்ளையை ஃபெயில் போடச் சொல்லி எந்தத் தகப்பனும் தர்மனிடம் கெஞ்சியதில்லை. இந்த ஆள் எதற்கு அடிபோடுகிறான் என்று கண்ணைச் சுருக்கி, நூர் பாஷாவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே நின்றார்.