போறேனுங்க

கண்ணை மூடச் சொல்லிவிட்டால் மனசு சும்மா இருந்துவிடுமா? கந்தவேல் கண்ணை மூடினார், மனசு கடையைத் திறந்துவிட்டது.

நூல் வியாபாரி. ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் மிரட்டியதால், ஒரு பனியன் கம்பெனி மாடியில் நடந்த தியான வகுப்பில் வந்து சேர்ந்திருந்தார். கீழே தையல் மெஷின்கள் தடதடத்தன.

"நெனப்பு வரும், போகும். நீங்க கண்டுக்காதீங்க" என்றார் வகுப்பு நடத்தும் சிவசுப்பிரமணியம் வாத்தியார்.

"கடைக்கு வர்ற கிராக்கி மாதிரிங்களா?"

"மொதல்ல வாயை மூடுங்க மொதலாளி. கண்ணு அப்புறம்."

புருவ மத்தியில் ஒளி தெரியும் என்றார்கள். கந்தவேலுக்கு மழையில் நனைந்த நூல் மூட்டைகள் தெரிந்தன. பின்னாலேயே லாரிக்காரன் வந்தான். அவனோடு கொஞ்சம் சண்டை. அவனையும் அனுப்பிவிட்டுப் பார்த்தால், பையோடு வாசலில் நிற்கிறாள் நல்லம்மாள்.

அவர் மனைவி. மடத்துக்குளத்தில் அவள் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது, "லோடு வந்து எறங்கட்டும் அம்மிணி, கார் வெச்சே போலாம்" என்றவர் இவர்தான். லோடுக்கு முன்னால் சாவு வந்துவிட்டது. காரில்தான் போனார்கள். மாலை போட்ட உடம்பைத்தான் பார்த்தாள். காரியம் முடிந்து திரும்பிய மறுநாளே பையை எடுத்துவிட்டாள்.

கந்தவேல் கூப்பிடவில்லை. கடைப் படி இறங்குகிற கிராக்கியைக் கூப்பிட்டால் விலை போச்சு. விட்டால் தெருமுக்கு திரும்புமுன் தானாக வருவான். தொழிலில் அது பொய்த்ததே இல்லை. தைப்பூச சமயத்தில் போனவள், ஆடி நோம்பிப் பண்டிகை நெருங்கியும் வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "வருவா, எங்க போயிருவா" என்றே சொல்லிவந்தார்.

மூடிய கண்ணுக்குள் இப்போது அவள் வாய் அசைந்தது.

"போறேனுங்க."

கந்தவேல் கண்ணைத் திறந்துவிட்டார். மாவு அரைக்கப் போனாலும் "போயிட்டு வாரேனுங்க" என்றுதான் சொல்வாள். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் யாரும் 'வாரேன்' சொல்வதில்லை. விலை படியாத கிராக்கிகூட "பாத்துட்டு வாரேன்" என்பான். அவனுக்காகக் காத்திருப்பதில் நியாயம் உண்டு. அடுத்தவன் வாய்ச்சொல்லை எடைபோட்டே பிழைத்த மனுஷன், பெண்டாட்டி பேச்சில் ஒரு 'வாரேன்' குறைந்ததைக் கோட்டைவிட்டிருந்தார்.

"இன்னும் முடியலீங்களே!" என்று வாத்தியார் கூப்பிடக் கூப்பிட எழுந்து நடந்தார். பல்லடம் வழியாக உடுமலை போய், அங்கே பஸ் மாறி மடத்துக்குளம் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அண்ணன் வீட்டு வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த நல்லம்மாள் எழுந்தாள்.

"வாங்க. உக்காருங்க."

விருந்தாளிக்குச் சொல்கிற 'வாங்க'. சொம்பில் தண்ணீரும் வந்தது.

"ஊட்டுக்குப் போலாம், அம்மிணி."

"ஊட்டுலதானுங்க இருக்கறேன்."

"தப்புதான். பெரிய தப்பு. ஒரு மாசம் வந்து இருந்து பாரு."

அவள் குனிந்து, சிந்திய கடலைக்காயைப் பொறுக்கினாள்.

"சரி, ஒரு வாரம்." சொம்பைக் கீழே வைத்தார். "நோம்பிக்கு மட்டுமாச்சும். காலைல வந்துட்டுப் பொழுதோட திரும்பிக்க. நானே கொண்டாந்து உடறேன்."

கேட்பார் இல்லாத சரக்குக்கு அவராகவே விலையை இறக்கிக்கொண்டு போனார். நல்லம்மாளுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குரல் தணிவாக, மரியாதையாகவே வந்தது.

"இருட்டிருச்சுன்னா பஸ்ஸு செரமமுங்க. ஒரு வாய் சாப்புட்டுட்டுக் கெளம்புங்க."

இலை அறுக்கக் கொல்லைப்பக்கம் போனாள்.