தோல்: நல்ல நிலை

எனக்குப் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். எழுதுவதற்கு முகம் தேவையில்லை என்பது பொழியூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ததேயூஸ் மாமாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. நான் பாறசாலையிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போகும் ஹோம் நர்ஸ். வள்ளம் தள்ளி வளர்ந்த உடம்பு அது, புரட்டிப் போட இரண்டு பேர் வேண்டும். அங்கே இருந்ததோ நானும், கை தூக்க முடியாத சிசிலி மாமியும்தான். ஏஜென்சி கொடுத்த தாளில் குளியல், கஞ்சி, மூத்திரம், இரண்டு மணிக்கொருமுறை புரட்டியது, தோல் என்று வரிசையாக எழுத வேண்டும். மாலையில் அதைப் படமெடுத்து மஸ்கட்டில் இருக்கும் மகன் ஷைஜுவுக்கு அனுப்பினால்தான் என் வேலை முடியும். நான் இருக்கும் பகலில் ஆறு முறை புரட்ட வேண்டும், மூன்று முறை புரட்டுவோம். ஆறு கோடு போடுவேன். மூன்று என்று எழுதினால் ஏஜென்சி என்னை மாற்றுமே தவிர, இன்னொரு ஆளையா அனுப்பப் போகிறது?

ஒரு செவ்வாய்க்கிழமை, குளிப்பாட்டும்போது இடுப்புக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. பொட்டு அளவுதான். பேனாவை எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாத மோளே. புண்ணு வந்தா கன்யாஸ்திரிகள் நோயாளிகளப் பாக்குத மடத்துல கொண்டு விடுவேன்னு ஷைஜு முன்னமே சொல்லியாச்சு. அறிஞ்சா உடனே ஆளை அனுப்புவான்."

"மாமி, இது வெளையாட்டு இல்ல. டாக்டர் பாக்கணும்."

"ஒரு வாரம் பாப்போம். நான் மருந்து போடுதேன். ஆஸ்பத்திரியில இந்த மனுசன் பதினொரு நாளு வாயத் தொறக்கல்ல. வீட்டுக்கு வந்து கடல் எரைச்சல் கேட்ட பொறவாக்கும் கஞ்சி குடிச்சாரு. மடத்துல போட்டா செத்துப் போவாரு."

அது உண்மைதான். மாமா எங்களையே பார்த்துக் கிடந்தார். நான் 'நல்ல நிலை' என்று எழுதினேன்.

மறுநாள் பொட்டு ரூபாய் அளவாகியிருந்தது. நேற்று நல்ல நிலை, இன்று இவ்வளவு பெரிய புண் என்றால் யார் நம்புவார்கள்? அன்றும் அதையே எழுதினேன். முதல் நாள் எழுதியது மாமிக்காக. மற்ற நாட்கள் எனக்காகத்தான்.

மாதம் ஒருமுறை வரும் பஞ்சாயத்து நர்ஸ் சத்யபாமா வந்தார். "இப்பத்தான் ஒறங்கினாரு, எழுப்பாதீங்க" என்றாள் மாமி. அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாரும் உன்னப் போல எழுதினா எனக்குப் பாதி வேல மிச்சம்" என்றார். வெட்கக்கேடு, எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு நாற்றம் வந்தது. சாம்பிராணி போட்டோம். காய்ச்சல் வந்தபோது ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் மாமா இறந்துபோனார். மடத்தில் போய்ச் சாகக்கூடாது என்று காப்பாற்றி வைத்த மனிதர், வார்டில் குழாயும் கையுமாகப் போனார்.

ஏழாம் நாள் பூசை முடிந்ததும் ஷைஜு என்னை உள்ளே கூப்பிட்டான். மேசைமேல் நான் எழுதிய தாள்கள் அத்தனையும் அடுக்கியிருந்தன.

"சேச்சி, புண்ணு ஒரு மாசத்துக்கு மேல உண்டுன்னு டாக்டர் சொன்னான். நான் சம்மதிக்கல்ல. இதையெல்லாம் காட்டிச் சண்ட போட்டேன். அவன் சட்டையப் பிடிச்சேன், சேச்சி. ஆஸ்பத்திரியில வச்சு வந்த புண்ணாக்கும் அது. கேசு குடுக்கப் போறேன். நீங்க எல்லாத்துலயும் ஒப்புப் போட்டுத் தரணும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வாசற்படியில் மாமி நின்றிருந்தாள்.

"அவ எழுதினதெல்லாம் சரியாக்கும், மக்கா" என்றாள். குரல் நடுங்கவேயில்லை. புருஷன் போய்விட்டான், இனி இந்த மகன் ஒருவன்தான் அவளுக்கு.

ஷைஜு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தெனமும் வேல முடிஞ்சு வந்து இதைப் படிச்சிட்டுத்தான் உறங்குவேன். அப்பன் பக்கத்துல இருந்த மாதிரி இருக்கும்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பேனாவை வாங்கினேன். நாற்பத்தொரு தாள்கள். ஒன்று விடாமல் கையெழுத்துப் போட்டேன்.