செத்த நட்சத்திரம் என்று நான் சொன்ன பொய்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கைதட்டல். போன மாசியில், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நாளுக்குப் பேசப் போனேன். ஊரே வந்திருந்தது. நிறமாலைப் படங்களைக் காட்டினேன், கொட்டாவி விட்டார்கள். கடைசியில் என் பழைய சரக்கை எடுத்துவிட்டேன்: "நீங்க பாக்கிற நட்சத்திரம் எப்பவோ செத்துப்போயிருக்கும். வெளிச்சம் மட்டும்தான் வந்துட்டிருக்கு." கைதட்டல் அடங்க நேரமானது.

[அது பொய். வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் ஒளி நம்மிடம் வந்துசேர மிஞ்சிப்போனால் சில ஆயிரம் ஆண்டுகள். அவற்றின் ஆயுளோ பல லட்சம், பல கோடி ஆண்டுகள். அநேகமாக எல்லாமே உயிரோடுதான் இருக்கின்றன. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஏரியின் மேல் பால்வெளி கவிந்திருக்க, லோகநாயகி தன் கணவனை எண்ணி" – வேண்டாம். லோகநாயகி வானத்தைப் பார்த்து ஏங்குகிற ஆள் இல்லை.

சங்கதி இதுதான். ஏரியில் இறால் விழும் இடத்தைப் 'பாடு' என்பார்கள். அங்கே நினைத்தவர் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்தக் குப்பத்தில் முறை ஆண்கள் பெயரில்தான். ஆள் வெளியூரில் இருந்தால் வீட்டார் வேறு ஆளை வைத்து வலை கட்டலாம். ஆள் செத்து, மகனும் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். லோகநாயகிக்கு இரண்டும் பெண்கள். கணவன் சிங்காரம் வெளிமாநிலத்து விசைப்படகு வேலைக்குப் போய் எட்டு மாதமாகத் தகவல் இல்லை.

பங்குனியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"போன் போட்டா ரிங் போவுது. யாரும் சார்ஜ் போடாமயா ரிங் போவும்? எம் புருசன் உசுரோடதான் கீறாரு" என்றாள்.

"ரிங் போனா ஆளு கீறான்னு அர்த்தமா?" என்றார் ஊர்த்தலைவர் ஆதிகேசவன். "நட்சத்திரம் செத்த பொறவும் வெளிச்சம் வருதுனு அந்த சாரே சொன்னாரு. படிச்ச மனுசன் பொய் சொல்வாரா?"

கூட்டம் தலையாட்டியது. ஞாயிற்றுக்கிழமை சீட்டுப் போடும்போது சிங்காரத்தின் பெயர் இருக்காது என்று முடிவானது.

3

வியாழக்கிழமை மீஞ்சூரில் என் வீட்டைத் தேடி வந்தாள். வாசலிலேயே நின்று கூட்டத்தில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"நட்சத்திரம் உசுரோட கீதா, செத்துச்சானு எப்டி சார் கண்டுபுடிப்பீங்கோ?"

வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிப்போம் என்றேன். நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். அதை வைத்து எவ்வளவு சூடு என்று சொல்லலாம். சூட்டோடு பிரகாசத்தையும் சேர்த்துப் பார்த்தால் இளசா, கிழடா, வீங்கிச் சிவந்து முடியப்போவதா என்று தெரிந்துவிடும்.

"அப்போ பாத்தாலே தெரியும்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிகினே ஏன் சார் அப்டி சொன்னீங்கோ?"

கைதட்டுக்காகத்தான் என்று சொல்லாமல், உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவமானமாக இருந்தது.

"ஞாயித்துக்கெயம வந்து, அன்னிக்கி சொன்னது தப்புனு ஒரு வார்த்த சொல்லுங்கோ. போதும்."

வருகிறேன் என்றேன்.

4

முடிவு அ: நான் போகிறேன். உண்மையைச் சொல்கிறேன். ஆதிகேசவன் தலைகுனிகிறார். (என்னை நானே கதாநாயகன் ஆக்கிக்கொள்ளும் முடிவு. தூ.)

முடிவு ஆ: "தூரத்து விண்மீன் திரள்களின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன, பேரண்டம் விரிகிறது, சிங்காரமும் அவளைவிட்டு" – நிறுத்திவிட்டேன். திரள்கள் விலகுவது நடுவிலுள்ள வெளி விரிவதால். சிங்காரம் போனது பிழைப்புக்கு. வானத்தில் இருப்பதையெல்லாம் மனிதர் படும் பாட்டுக்கு உவமையாக்கும் இந்தப் புத்தியால்தான் இத்தனை வினையும்.

5

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் குப்பத்துக்குப் போய் லோகநாயகியிடம் கேளுங்கள். மீஞ்சூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். எனக்குத் தெரியாது. சீட்டு பத்து மணிக்கு. ஞாயிறு காலை சட்டையெல்லாம் போட்டுக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் இந்தக் கதையின் முதல் பத்தியை மட்டும் சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்காம் பகுதியை முடித்து நிமிர்ந்தபோது மணி மூன்று.

கதை நன்றாகவே வந்திருக்கிறது.