படிவம் எடுக்காத பெயர்கள்

புயல் ஓய்ந்த நான்காம் நாள் மத்தியானம், ஊரே அழுது வீங்கிக் கிடந்தபோது, கிளாரா மாமி மட்டும் சிரித்த முகத்தோடு மாதா கோயில் மண்டபத்துக்குள் வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி நிறையப் பால் விடாத கட்டன் சாயா.

கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ஷெர்லி அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தட்டச்சை நிறுத்தினாள். மாமி பக்கத்து வீட்டுக்காரி. கணவர் அல்போன்ஸ் ஒரு போட்டிலும் மகன் டெல்வின் வேறொரு போட்டிலுமாகக் கடலுக்குப் போனார்கள். இரண்டு போட்டும் திரும்பவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது?

நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் இணையதளம் செய்கிற வேலை ஷெர்லிக்கு. கரை திரும்பாதவர்களின் விவரத்தை வாங்க அவசர அவசரமாக ஒரு படிவம் செய்து நேற்று ஊர் வாட்ஸ்அப்பில் போட்டவள் அவள்தான். ஆள் பெயர், போட்டின் பெயர், கடைசியாக வயர்லெஸ்ஸில் பேசிய இடம், வீட்டு செல்போன் எண். நாலு மணிக்குத் துறைமுகத்திலிருந்து தேடுதல் கப்பல் புறப்படுகிறது. படிவத்தில் பதிவான போட்டுகள் கடைசியாக நின்ற இடங்களுக்குத்தான் அது போகும். அச்சடித்த பட்டியலைக் கொண்டு கொடுக்க ஊர்க் கமிட்டிச் செயலாளர் ஆன்ட்ரூஸ் பைக் சாவியோடு வாசலில் நின்றார். மணி மூன்றாகிவிட்டது.

“சாயா குடி மக்கா. எனக்க மொவன் கரை சேந்துட்டான்,” என்றாள் மாமி.

“போன் வந்துதா மாமி?”

“போன் எதுக்கு? உனக்க படிவமே சொல்லிச்சே. அவருக்க பேரைப் போட்டேன், எடுத்துச்சு. டெல்வினுக்க பேரைப் போட்டா எடுக்கல்ல. எத்தனை வாட்டி அமுக்கினாலும் தள்ளுது. கரை சேந்தவங்க பேரை அது எடுக்காதாமே? லட்சத்தீவுலயோ எங்கயோ கரை கேறியிருப்பான். மேலத்தெருவுலயும் நாலஞ்சு வீட்டுல எடுக்கல்லியாம். ஜேசுதாஸுக்க வீட்டுல மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியாச்சு.”

அப்படி ஒரு ஏற்பாடே அந்தப் படிவத்தில் கிடையாது. கரை சேர்ந்தவர் யாரென்று அதற்கு எப்படித் தெரியும்? யாரோ எதையோ சொல்ல, பெற்ற வயிறு பிடித்துக்கொண்டது.

ஷெர்லி தான் எழுதியதைத் திறந்து பார்த்தாள். ஒரு செல்போன் எண்ணுக்கு ஒரு பதிவுதான் என்று சோதனை வைத்தவள் அவளேதான். ஒரே ஆளை மாமனும் மச்சானுமாகப் பலமுறை பதிந்துவிடக் கூடாதே என்று. ஆண்கள் தங்கள் போனைக் கடலுக்குக் கொண்டு போயிருப்பார்கள், வீட்டில் மிஞ்சுவது ஒரே போன் என்பது கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு உறைக்கவில்லை. சரி, தள்ளியதற்குக் காரணமாவது சொல்லியிருந்ததா? சொல்லியிருந்தது. பக்கத்தின் உச்சியில், பொடி எழுத்தில், வெளிறிய சிவப்பில், ஆங்கிலத்தில். வெள்ளெழுத்துக் கண்ணும் கீறல் விழுந்த போனுமாக இருக்கிறவள் அதை எங்கே பார்ப்பாள்! எந்தப் பெட்டியில் தப்போ அதன் பக்கத்திலேயே, நிரப்புகிறவரின் மொழியில், கண் தெரியாதவருக்குப் போனே வாசித்துச் சொல்லும்படி எழுத வேண்டும் என்று கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாய் வலிக்கப் பாடம் நடத்துகிறவள் இவள். சொந்த ஊருக்கென்று வந்தபோது எல்லாம் காற்றில் போயிற்று. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

சோதனையை எடுத்தாள். பதிவானால் அதைப் பெரிய தமிழ் எழுத்தில் காட்டச் செய்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். இணையம் இழுத்த இழுப்பில், புதிய படிவம் ஏறி முடிவதற்குள் உயிர் போய் வந்தது. ஆனால் தள்ளப்பட்ட பெயர்கள் எங்கேயும் சேமிப்பில் இல்லை. அந்தப் பெண்கள் திரும்ப வந்து சொன்னால்தான் உண்டு.

வாசலுக்குப் போய் ஆன்ட்ரூஸிடம் விஷயத்தைச் சொல்லி, கோயில் மைக்கில் அந்த வீட்டுக்காரர்களைக் கூப்பிட வேண்டும் என்றாள். அவர் முகம் வெளுத்தது.

“மைக்குல பறையாதே மக்கா. கும்பிட்டுக் கேக்கேன். இன்னைக்குத்தான் அந்த வீடுகள்ல அடுப்பு எரியுது.”

“பறையலேன்னா அந்த போட்டுகளைத் தேட ஆளு போவாது அண்ணே.”

மைக்கை ஆன்ட்ரூஸே எடுத்தார். படிவம் பேரை எடுக்காத வீட்டுக்காரர்கள் உடனே மண்டபத்துக்கு வரவும் என்று மட்டும் அறிவித்தார். காரணம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

ஷெர்லி மாமியின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“மாமி, கரை சேந்தவங்க யாருன்னு படிவத்துக்குத் தெரியாது. உங்க போன் நம்பரு மாமாவுக்க பேருல பதிஞ்சிருக்கு. அதான் டெல்வினைத் தள்ளிச்சு. எனக்க தப்பு. அவனுக்க போட்டு கடைசியா எங்க நின்னு பேசிச்சு?”

“வாயக் கழுவுட்டி! அவன் கரையில இருக்கான்.”

“இருந்தா மாதாவுக்குத் தோத்திரம். இல்லேன்னா மாமி? மணி மூணரை ஆவுது.”

மாமி சுவரைப் பார்த்தாள். ஷெர்லி கணினியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். அதட்டவும் முடியவில்லை, கெஞ்சவும் முடியவில்லை. வெளியே பைக் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

“கொச்சிக்கு நேர் மேற்க,” என்றாள் மாமி கடைசியில். “நூறு நாட்டிக்கல் மைல். போட்டுக்க பேரு கடலரசி.”

ஷெர்லி அடித்தாள். பொத்தானை அமுக்கப் போகும்போது மாமி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பிறகு அவளாகவே விட்டாள்.

டெல்வின். பதிவானது.

மாமி அந்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். அறிவிப்பைக் கேட்டு ஓடிவந்த பெண்கள், நல்ல சேதி கேட்கிற முகத்தோடு வாசலில் மூச்சிரைக்க நின்றார்கள்.

“நேத்து தள்ளிச்சில்லா ஏட்டி,” என்றாள் மாமி ஷெர்லியிடம். “இன்னொரு வாட்டி தள்ளச் சொல்லு.”