பேர்ளின் வெயில் உடுப்புகள்

தன்னுடைய குளிர் உடுப்புகள் வீட்டில் எந்த மூலையில் இருக்கின்றன என்பது யாக்கோபுக்கு ஒருநாளும் தெரிந்திருந்ததில்லை. மெல்பேர்னுக்கு வந்து இருபது வருடமாகியும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. ஏப்ரல் பிறந்து, குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் ஞாயிற்றுக்கிழமை வந்தால், அவருடைய மனைவி பேர்ள் அலுமாரியை மாற்றிவிடுவாள். திங்கட்கிழமை அவர் கதவைத் திறக்கும்போது அரைக்கைச் சட்டைகள் எல்லாம் போய், ஜம்பர்களும் தடித்த சட்டைகளும் வரிசையாகத் தொங்கும். அவர் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்.

இந்த வருடம் பேர்ள் வீட்டில் இல்லை. மகள் டிலக்சிக்கு முதல் பிள்ளை பிறக்க இருந்ததால் ஜனவரியிலேயே ரொறன்ரோவுக்குப் போய்விட்டாள். பிள்ளை பிறந்து, அதற்கு ஞானஸ்நானமும் கொடுத்தாகிவிட்டது. மே மாதத்தில் திரும்பி வருவதாகத்தான் ஏற்பாடு.

யாக்கோபு ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். வீடு இருக்கும் வெரிபீயில் இருந்து விடிவதற்கு முன்னரே காரை எடுத்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அந்த ஏப்ரல் திங்கட்கிழமை அரைக்கைச் சட்டையோடு போய் இறங்கியபோது, கூட வேலை செய்யும் துஷாந்த் அவரை மேலும் கீழும் பார்த்தான். விறைக்கவில்லையா என்று கேட்டான். இல்லை என்றார். ஆனால் பெரிய கதவுகளைத் திறந்துவிட்டு லொறிகளில் இருந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கியதும் அவருடைய பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன.

பின்னேரம் வீட்டுக்கு வந்து தேடினார். படுக்கையறை அலுமாரியில் ஒன்றும் இல்லை. டிலக்சி கலியாணம் செய்து போகுமட்டும் இருந்த அறையில், கதிரை போட்டு ஏறிப் பார்த்தபோது மேல் தட்டில் இரண்டு பிளாஸ்டிக் பைகள் கிடந்தன. காற்றை உறிஞ்சி எடுத்துப் பேர்ள் அவற்றைப் பலகை போலத் தட்டையாக்கி வைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே போய், குழைத்து வைத்த பாண் மாவைப் போல உடுப்புகள் பொங்கி எழுந்தன. எல்லாம் அவருடையவை. பேர்ளின் பைகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அங்கே பனிக்காலத்துக்குத்தானே போனாள், எடுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கதிரையால் இறங்கினார்.

உடுப்புகளைக் கொண்டுபோய்த் தொங்கவிடப் பார்த்தால் இடம் போதவில்லை. கம்பியின் பாதிக்கு மேல் பேர்ளின் வெயில் உடுப்புகள்: பூப்போட்ட சட்டைகள், நூல் சேலைகள், வீட்டில் போடும் தொளதொள உடுப்புகள். வழக்கமாக, அவருடையதை வெளியே எடுத்த கையோடு இவற்றை அந்தப் பைகளுக்குள் போட்டு மேலே ஏற்றிவிடுவாள். இம்முறை அந்த வேலையைத் தானே செய்து வைத்தால் அவள் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் சேலையை எப்படி மடிப்பது, எதை எதோடு வைப்பது என்பதொன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் செய்யலாம் என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு காலைப் பூசைக்கு வெளிக்கிடும் முன்னர் அவரும் பேர்ளும் ஃபோனில் முகம் பார்த்துக் கதைப்பது வழக்கம். அங்கே சனிக்கிழமை பின்னேரமாக இருக்கும். முதலில் பிள்ளையின் கதை. பால் குடிக்கிறானாம், இரவில் கொஞ்சம் நித்திரை கொள்ளத் தொடங்கிவிட்டானாம். பிறகு அவர் என்ன சாப்பிட்டார், குப்பைத் தொட்டியை மறக்காமல் வெளியே வைத்தாரா என்ற விசாரிப்பு. அதெல்லாம் முடிந்த பிறகு, குளிர் தொடங்கிவிட்டதையும் தான் அலுமாரியை மாற்றியதையும் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

"உம்மட வெயில் உடுப்புகளையும் பையில போட்டு மேல வைக்கட்டோ?"

 பேர்ள் பிள்ளையை ஒரு தோளில் இருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"மேல வைக்க வேண்டாம்," என்றாள். "இஞ்ச அனுப்பிவிடுங்கோ. இஞ்ச இனி வெயில்தானே."

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. மே மாதம் வரப்போகிறவளுக்கு அங்கே எதற்கு வெயில் உடுப்பு என்று கேட்க வாயெடுத்தார். கேட்க வாயெடுத்தபோதே விளங்கிவிட்டது.

"எவ்வளவு காலத்துக்கு?"

"காலமெண்டு இல்லை. நான் இஞ்சயே இருக்கப் போறன்."

சண்டை பிடிப்பவளைப் போல அவள் பேசவில்லை. இதைப் பல நாளாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தவளைப் போல, நிதானமாகப் பேசினாள். அவரில் தனக்குக் கோபம் ஒன்றும் இல்லை என்றாள். வெரிபீயில் அவர் வேலைக்குப் போனால் பின்னேரம் வரைக்கும் ஹீற்றரின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை என்றாள். தனக்குக் கார் ஓட்டத் தெரியாது, பஸ்ஸைப் பிடிப்பதென்றாலும் அந்தப் பெரிய தெருவரைக்கும் நடக்க வேண்டும். ரொறன்ரோவில் கோயில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கீழ்வீட்டில் மன்னார்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள், காலையில் எழும்பினால் தான் செய்வதற்கென்று ஒரு வேலை காத்துக்கொண்டிருக்கிறது. தாய்தகப்பன் வந்து ஆண்டுக்கணக்கில் தங்கும் விசாவுக்கு டிலக்சி முதலிலேயே எழுதிப் போட்டு அதுவும் கிடைத்திருந்தது.

"டிலக்சிக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"போகேக்கையே நினைச்சுக்கொண்டுதான் போனீரோ?"

"இல்லை. ரெண்டு மனமாத்தான் வந்தனான்," என்றாள் பேர்ள். "குளிர் உடுப்பு எல்லாத்தையும் எடுத்து வைக்கேக்க, எல்லாம் எதுக்கு எண்டு நானே என்னைக் கேட்டனான்."

யாக்கோபு சரி என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். பூசை முடியும்வரை அது வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. முதலில் அவருக்கு நினைவுக்கு வந்தது, கோயில் ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான். அதன் பிறகு மின்சாரக் கட்டணம் இனிக் குறையும் என்று நினைத்தார், அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். புதன்கிழமை களஞ்சியத்தில் கீரைப் பெட்டிகளை உருளைக்கிழங்கின் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, என்ன பிழை என்று தெரியாமல் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். துஷாந்த் வந்து பெட்டிகளை மாற்றி வைத்தான்.

அடுத்த ஞாயிறு அவர் பூசைக்குப் போகவில்லை. தபால் கந்தோரில் வாங்கிய பெரிய மட்டைப் பெட்டியைக் கட்டிலில் வைத்து, ஃபோனைத் தலையணையில் சாய்த்து வைத்தார். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து அவர் ஃபோனுக்கு முன்னால் பிடித்தார். உதறி விரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினார். சேலையை நீளப் பாட்டுக்கு முதலில் மடித்து, பிறகு குறுக்காக மடிக்கச் சொன்னாள். மூன்றாவது சேலையில் அவருக்குக் கை பழகியது.

ஊதா நிறச் சட்டையொன்றில் கடையின் விலைத்துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது வாங்கியது என்று கேட்டார். போன நத்தார்ப் பண்டிகைக்கு முதல் என்றாள். ஏன் போடவில்லை என்றார்.

"எங்க போட்டுக்கொண்டு போறது?" என்றாள்.

அவர் அதைப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்ததாக, கலியாண நாளுக்கு அவரே போய்த் தெரிந்தெடுத்து வாங்கி வந்த பச்சைச் சட்டை. கேட்காமலே அதையும் மடிக்கத் தொடங்கினார்.

"அது வேண்டாம்."

"ஏன்?"

"அது ஒருநாளும் எனக்கு அளவா இருந்ததில்லை. தோளுக்குள்ள இறுக்கும்."

"சொல்லியிருக்கலாமே?"

"ஆசையா வாங்கியந்தீங்கள். போட்டுக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தனான்."

பேர்ளுக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து அவருக்கும் வந்தது. வீட்டில் இருவரும் சேர்ந்து கடைசியாக எப்போது இவ்வளவு நேரம் கதைத்தோம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. வெயில் தொப்பி, தட்டைச் செருப்பு, ரவிக்கைகள் என்று பெட்டி நிறைந்தது. ஒட்டுவதற்கு நாடாவைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது, முன்கூட்டி நினைக்காத ஒரு கேள்வி அவர் வாயில் இருந்து வந்தது.

"நான் அங்க வந்தா?"

பேர்ள் பிள்ளையின் துவாய் ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"வாங்கோ," என்றாள். "லீவில வாங்கோ."

லீவில் என்று அவள் சொன்னதை அவர் கவனித்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. பெட்டி போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று பேர்ள் கேட்டாள். கப்பலில் போட்டால் வெயில் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும், அதனால் விமானத்தில் போடுகிறேன் என்றார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் அதை அனுப்பினார். வேண்டாம் என்று அவள் ஒதுக்கிய உடுப்புகளை, பச்சைச் சட்டை உட்பட, பழைய உடுப்புக் கடையின் வாசலில் கொடுத்தார். வாங்கிக்கொண்ட பெண் எல்லாம் கோடை உடுப்பாக இருக்கிறதே, அடுத்த வருடம் வரைக்கும் வைத்திருக்க வேண்டுமே என்றாள். யாக்கோபு தலையாட்டினார். களஞ்சிய மேலாளரிடம் ஓகஸ்ட்டில் மூன்று கிழமை லீவு வேண்டும் என்று சொல்லி வைத்தார். அவர் லீவு கேட்டு நெடுநாளாகிவிட்டதால் மேலாளர் உடனே சம்மதித்தார்.

மே மாதத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள். கோயில் பாட்டுக்குழுவைப் பார்த்துக்கொள்ளும் விமலா கையில் வடையோடு வந்து, அன்ரி எப்போது வருகிறா என்று கேட்டாள். பேர்ள் இல்லாமல் திருவிழாவுக்குப் பாட்டுக்காரர்களைச் சேர்ப்பது கஷ்டமாக இருக்கிறது என்றாள்.

இந்தக் கேள்விக்கென்று இரண்டு மூன்று பதில்களை அவர் யோசித்து வைத்திருந்தார். விசாப் பிரச்சினை, பிள்ளைக்குச் சுகமில்லை, டிக்கெற் மாற்ற வேண்டும். அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

"அவ வரேல்ல, விமலா. அங்கதான் இருக்கப் போறா."

விமலா வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அப்ப நீங்கள் என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"நான் இஞ்சதான்," என்றார் யாக்கோபு. பாட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் தானும் வருவதாகவும், குரல் பெரிதாக இல்லாவிட்டாலும் பாட்டெல்லாம் தெரியும் என்றும் சொன்னார். விமலா வியாழக்கிழமை பயிற்சி இருக்கிறது, வேலை முடிந்து நேரே வாருங்கள் என்றாள். அவர் சரி என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைக்கக் குசினிப் பக்கம் போனார்.