மூலைத் தையல்

வார்டு உறுப்பினருக்குத் தெருவெல்லாம் வணக்கம் உண்டு. ஐம்பத்திரண்டு வயது, முறுக்கிய மீசை, இரண்டாவது முறையாகத் தேர்தலில் நிற்கிறார், எங்கே போனாலும் பின்னால் நாலு ஆட்கள். இத்தனை ஜம்பமும் அக்கா வீட்டு வாசலோடு சரி. அக்காவுக்கு அவர் இன்னும் ‘பொடியன்’தான்.

அக்கா திரைச்சீலை தைப்பவர். கீழ்த்தளத்தில் கடையும் குடித்தனமும், மாடி வாடகைக்கு. மாடியில் இருந்தவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்தோ என்னவோ, வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை, பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிப் பால்கனியில் தொங்கவிட்டாள்:

‘நூலகம் பூட்டி இரண்டு வருஷம். சாவி எங்கே, உறுப்பினரே?’

எதிரே பேருந்து நிறுத்தம். பேருந்து வரும்வரை ஜனங்களுக்கு வேறென்ன வேலை? எல்லோரும் படித்தார்கள். இன்னாருடைய அக்கா வீடு என்பதும் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு ரெண்டு மடங்கானது.

உறுப்பினர் உடனே அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். எனக்கும் அது பிடிக்கவில்லை, அவளிடமே சொல்லிவிட்டேன் என்றாள் அக்கா. ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. பால்கனியையும் சேர்த்துத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறேன், அங்கே அவள் துணி காயப்போட்டாலும் கேள்வி கேட்டாலும் அவள் பாடு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம், அக்கா நூல் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்த நேரம், உறுப்பினரின் ஆட்கள் ஏணி வைத்து ஏறி விரிப்பை அவிழ்த்துக் கொண்டு வந்துவிட்டார்கள். அவர் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை. தலைவருக்கு அழகு அதுதான் என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார்.

காரின் முன்பக்கத்தில் விரித்துப் பார்த்தபோதுதான் அவர் முகம் மாறியது. நாலு மூலையிலும் சின்ன முக்கோணத் துணி வைத்து இரட்டைத் தையல். காற்று முதலில் மூலையைத்தான் கிழிக்கும் என்று அக்கா எந்தத் துணியையும் அப்படித்தான் முடிப்பாள். அவருடைய பள்ளிக்கூடப் பை அப்படி இருந்தது. இந்தத் தேர்தலுக்கு அவர் கட்டிய துணிப் பதாகைகள் அத்தனையும் அப்படித்தான் இருந்தன. வேறு யாராவதாக இருந்தால் வேறு மாதிரி தைத்துத் தப்பித்திருப்பார்கள். அக்காவின் கைக்கு அது வராது.

நேரே போனார். ஆட்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, விரிப்பைத் தையல் மேஜை மேல் போட்டார்.

“இது உன் தையல்.”

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். “ஆமா. ஓரம் மடிக்காம கட்டியிருந்தா. ரெண்டே நாள்ல நூல் நூலா பிரிஞ்சு ஆடுச்சு. என் வீட்டு முகப்புல அப்படியொரு துணியா?”

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றுவது அவர் வழக்கம். இப்போது அது பம்பரமாகச் சுற்றியது. கூடப் பிறந்தவளே குழி பறிக்கலாமா, எதிராளி கைகொட்டிச் சிரிக்கிறான், வீடு உன்னுடையது, ஒரு வார்த்தை சொன்னால் போதுமே என்று கொட்டித் தீர்த்தார். கடைசியில், மாடியில் இருப்பவள் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் இந்தப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்றார்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அம்மா போன பிறகு அவர் உரிமையோடு போய் உட்காரும் இடம் அது ஒன்றுதான். ‘சரி, போ’ என்று அக்கா சொல்லிவிட்டால்?

அக்கா தையல் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

“என் ஓட்டு உனக்குத்தான்டா. நாலு பேர்கிட்ட கேட்டும் வாங்கித் தருவேன். ஆனா அவ வாயை நான் வாடகைக்கு எடுக்கல.”

“வீடு உன்னுது இல்லையா?”

“என்னுதுங்கிறதாலதான் சொல்றேன். என் வீட்டுல இருந்துகிட்டு ஒருத்தி பயப்படாம ஒரு கேள்வி கேட்டா, அது எனக்குப் பெருமை. இன்னைக்கு உனக்குப் பிடிக்கலன்னு அவளை அனுப்பினா, நாளைக்கு மாடிக்கு வர்றவ என்னைப் பார்த்தாலே வாயை மூடிக்குவா. ஊமைங்களுக்கா நான் வீடு கட்டினேன்?”

அவர் விரலில் சாவிக்கொத்து இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா சட்டென்று கை நீட்டி அதைப் பிடித்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளி, நீளமான பழைய சாவி ஒன்றில் நிறுத்தினாள். அதன் காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

“இது யார் கட்டினது?”

“நீதான்.”

“எதுக்கு?”

அவருக்கு ஞாபகம் வந்தது. நூலகத்தைப் பழுதுபார்க்க மூடிய அன்று, மறந்து தொலைத்துவிடாதே என்று அவள்தான் கட்டிக் கொடுத்தாள். அப்புறம் வேலை எடுத்தவனோடு தகராறு, அடுத்த மாதம் பார்க்கலாம், அதற்கடுத்த மாதம் பார்க்கலாம். இரண்டு வருஷமாக அந்தச் சாவி அவர் சட்டைப் பையில்தான் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

“அவ கேட்டதுல ஒரு எழுத்து பொய்யா இருந்திருந்தா, நானே கிழிச்சுப் போட்டிருப்பேன்,” என்றாள் அக்கா. விரிப்பை மடித்து அவர் கையில் வைத்தாள். “எடுத்தவன்தான் கட்டணும். மேல போ.”

அக்காவை அன்று பார்த்ததுபோல் அவர் என்றைக்கும் பார்த்ததில்லை. எத்தனையோ மேடையில் பேச்சுரிமை, பேச்சுரிமை என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். தனக்கு எதிரான துணிக்கு மூலை தைத்துக் கொடுக்கிற தைரியம் தனக்கு வருமா என்று யோசித்தார். வராது. நிச்சயமாக வராது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அவள் தன் அக்கா என்று பெருமையாகவும் இருந்தது.

மாடியில் கதவைத் திறந்தவள் அவரையும் கையிலிருந்ததையும் பார்த்தாள். உள்ளே போய் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, அது ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஏறினார். எதிரே பேருந்துக்கு நின்ற கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. வாசலில் ஆட்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். மூன்று மூலை கட்டியாயிற்று. நாலாவதைக் கட்டும்போது சட்டைப் பையில் சாவிகள் குலுங்கின.

“சாவி என்கிட்டதான் இருக்கு,” என்றார் அவர், கீழே பார்க்காமல்.

“நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீங்க?” என்றாள் அவள்.

அவர் பதில் யோசிப்பதற்குள் தெருவிலிருந்து அக்காவின் குரல் வந்தது. நடுரோட்டில் நின்று, இடுப்பில் கை வைத்து, திரைச்சீலை அளவு பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொடியா, அந்தப் பக்கம் தொங்குது. இன்னும் இழுத்துக் கட்டு. ‘எங்கே’ங்கிறது சுருங்கிக் கிடக்கு பாரு, படிக்க முடியல.”

உறுப்பினர் முடிச்சை அவிழ்த்து, எழுத்து தெளிவாகத் தெரியும்படி இழுத்துக் கட்டினார்.